கடல் ஏறும் நேரத்தை ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் முதல் மார்ச் வரை, வாரக் கடைசி நாளிதழில், வானிலைக்கு ஒதுக்கும் இடத்தை ஒட்டி ஒரு வரி சேர்த்துப் போட முடியுமா என்று கேட்கவே இந்தக் கடிதம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகலில் கடல் எத்தனை மணிக்கு உச்சத்துக்கு ஏறுகிறது, எத்தனை மீட்டர் ஏறுகிறது என்பது அந்த வரியில் இருந்தால் போதும். சுங்கை பூலோ ஈரநில வனப்பகுதிக்குப் போகும் நம் குடும்பங்கள் வலசைப் பறவைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்களா, வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வருகிறார்களா என்பது அந்த நேரத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலை டாக்கில் ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் கூட்டத்தின் வேலை. வெள்ளைக்காரர்கள் 1938இல் திறந்த கிங் ஜார்ஜ் உலர்துறை அங்கே இருக்கிறது. பெரிய கப்பல் உள்ளே வர வேண்டுமானால் கடல் ஏற வேண்டும். முதலாளி அவசரப்பட்டாலும் கப்டன் அவசரப்பட்டாலும் தண்ணீர் தன் நேரத்துக்குத்தான் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு ஏறுகிறது என்று அட்டவணை சொன்னால் மூன்று மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சுங்கை பூலோவுக்குப் போகத் தொடங்கியபோது அந்தப் பழக்கம் இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். வனப்பகுதியின் பெரிய பாலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. கீழே தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. பையன், "ஒண்ணுமே இல்லப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று முனகிக்கொண்டிருந்தான். அப்பா என்னிடம் வந்து, "அங்கிள், இங்க வெளிநாட்டுப் பறவையெல்லாம் வரும்னு சொன்னாங்களே, எங்க?" என்று கேட்டார். "தம்பி, எல்லாம் இப்ப வெளியே சேத்துல இரை தேடிக்கிட்டிருக்கும். கடல் அஞ்சு மணிக்கு ஏறுது. மூணு மணிக்கு மேல வந்தீங்கன்னா கூட்டம் கூட்டமா வந்து இறங்குறத இங்கேயே நின்னு பாக்கலாம்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகளுக்கு மூன்று மணிக்கு டியூஷனாம். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வயதான அம்மா வேறு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். எனக்கு மனசே ஆறவில்லை. இப்படித் திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பறவைகளுக்குச் சோறு போடுவது சேறு. கடல் வற்றும்போது மண்டாய் கரையோரத்திலும் ஜொகூர் நீரிணையின் மற்ற கரைகளிலும் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். புழு, சிறு நண்டு, சிப்பி, நத்தை எல்லாம் அங்கேதான். பறவைகள் பரந்து சிதறி மேயும். அந்த நேரத்தில் வனப்பகுதிக்குள் வருபவர் கண்ணுக்கு அவை அகப்படுவது கடினம். கடல் ஏற ஏறத் திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கும். கால் வைக்க இடமில்லாமல் போனதும் அவை கூட்டமாகக் கிளம்பிச் சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து இறங்கும்.

அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் வளர்த்த குளங்கள். மதகு வைத்துக் கட்டியவை. இப்போது வனப்பகுதி ஊழியர்கள் அதே மதகுகளைக் கொண்டு தண்ணீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் நிறைந்து நிற்கும் நேரத்தில் உள்ளே குளத்தில் தண்ணீர் குறைவாக, பறவை நிற்கும் ஆழத்துக்கு இருக்கும். கடல் மறுபடி வற்றும்வரை அங்கேதான் அவற்றுக்கு ஓய்வு. மதகின் அருமை டாக்கில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். தண்ணீரை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் பொறுமையான, கணக்கான வேலை. அதைச் சத்தமில்லாமல் செய்துவரும் ஊழியர்களுக்கு இந்தக் கடிதம் மூலம் என் நன்றி.

ஆகவே பார்க்க வேண்டிய நேரம், கடல் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தொடங்குகிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன சனிக்கிழமை பார்த்த நேரம் இந்தச் சனிக்கிழமைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். என் அனுபவத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களில்தான் திட்டுகள் முழுக்க மூழ்கிக் கூட்டம் நிறைய உள்ளே வருகிறது. சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் இந்த அட்டவணையை வெளியிடுகிறது. அதில் நான் பார்ப்பது செம்பவாங் நேரம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஜொகூருக்குப் போகும் தரைப்பாலமான காஸ்வேக்குக் கிழக்கே இருக்கிறது செம்பவாங், மேற்கே சுங்கை பூலோ. நடுவில் காஸ்வே நீரிணையை அடைத்துக்கொண்டு நிற்பதால் இரண்டு பக்கமும் நேரம் ஒன்றாக இராது. இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டால் இந்த வித்தியாசம் உங்களைப் பாதிக்காது.

அப்படிப் போய் நின்றால் என்ன தெரியும் என்பதையும் எழுத வேண்டும். முதலில் சத்தம்தான் வரும். பவளக்காலிகளின் சீழ்க்கை, மூன்று சுரமாக இறங்கும். பிறகு குளத்தின் மேல் ஒரு வட்டம் அடிப்பார்கள். (பறவைகளை 'அவர்கள்' என்று சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, மன்னிக்கவும்.) திரும்பும்போது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள வெள்ளைப் பட்டை ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரியும். இறங்கியதும் கால்கள் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள பறவை அது. கொஞ்ச நேரம் இறகைக் கோதும். பிறகு ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கி, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும். எல்லாம் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். தூங்குகிறது என்று நினைப்போம். தொலைநோக்கியில் பாருங்கள், ஒரு கண் திறந்திருக்கும். வெள்ளை வயிற்றுக் கடற்கழுகின் நிழல் குளத்தின் மேல் விழுந்தால் போதும், முழுக் கூட்டமும் எழும்பிவிடும்.

அவற்றோடு பச்சைக்காலிகள் வரும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு விம்பிரல் வரும். அந்த வளைவு சும்மா வந்ததில்லை. நண்டு வளைக்குள் அலகை விட்டுத் துழாவி இழுப்பதற்கு அதுதான் வாகு. ஒருமுறை குளத்து வரப்பில் ஒரு விம்பிரல் நண்டைப் பிடித்ததை அருகிலிருந்து பார்த்தேன். உடனே விழுங்கவில்லை. அலகின் நுனியில் பிடித்து உதறியது. ஒரு கால் தெறித்தது. கீழே போட்டு மறுபடி எடுத்து உதறியது. கொடுக்கும் போனது. கடைசியில் உடம்பை மட்டும் சுழற்றிப் போட்டு விழுங்கியது. பிறகு தண்ணீரில் அலகைக் கழுவிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் பேத்தி, "தாத்தா, நீங்க நண்டு சாப்பிடுற மாதிரியே சாப்பிடுது" என்றாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் போனால் இன்னொரு காட்சி கிடைக்கும். பசிபிக் பொன் உப்புக்கொத்திகளில் முதலில் வந்து சேர்பவை பெரியவை. வடக்கே கூடு கட்டிய காலத்தில் அவற்றின் முகமும் வயிறும் கறுப்பாக இருக்கும். இங்கே வரும்போது அந்தக் கறுப்பு முழுக்கப் போகாமல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அக்டோபர் ஆக ஆக அதுவும் மறைந்து பழுப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் பிந்தி வரும். பெற்றவர்கள் முன்னே போய்விட, வழி காட்ட ஆளில்லாமல் சைபீரியாவிலிருந்து இந்தச் சிறு தீவு வரை பறந்து வந்த குஞ்சு அது என்று நினைத்துப் பார்த்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

வடக்கே கோடை முடியும் சமயத்தில் இவை கிளம்புகின்றன. நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இங்கே நிறைந்திருக்கும். கிழக்காசிய – ஆஸ்திரலேசியப் பறவைப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஆர்க்டிக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 22 நாடுகளைக் கடக்கும் பாதை. 5 கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் அதில் போய் வருகின்றன. நம் சுங்கை பூலோ அதில் ஒரு சத்திரம். சில பறவைகள் சில நாள் தங்கி, கொழுப்பேற்றிக்கொண்டு தெற்கே போகும். சில மார்ச் வரை இங்கேயே இருந்துவிடும். இங்கே பிடித்துச் சிறு கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகளில் சில, இமயமலையைத் தாண்டித் திபெத்துப் பீடபூமிக்குப் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதே பவளக்காலி இனம் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகிறது. என் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். கோடியக்கரைச் சேற்றில் இந்தச் சிவப்புக் கால்களை அவர் சிறு வயதில் நிச்சயம் பார்த்திருப்பார். கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை, அப்போது எனக்கும் இதெல்லாம் தெரியாது.

இந்த இடம் தானாக மிஞ்சிவிடவில்லை. 1986இல் சில பறவை ஆர்வலர்கள்தான் இங்கே இத்தனை பறவை வருவதைக் கண்டு எழுதினார்கள். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை அரசாங்கத்திடம் திட்டம் கொடுத்தது. 1989இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் திரு கோ சோக் டோங் திறந்து வைத்தார். 2002இல் 130 ஹெக்டர் பரப்பு சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆனது. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. நிலம் இவ்வளவு அரிதான ஊரில் ஒரு சேற்றுக் காட்டுக்காகச் சிலர் மனு எழுதி, அரசாங்கமும் கேட்டு, இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதற்காகவாவது நம் ஆட்கள் ஒரு முறை சரியான நேரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டாமா?

கடல் வற்றிய நேரத்தில் போய்விட்டவர்களும் உடனே திரும்பிவிட வேண்டாம். அந்தப் பையன் "ஒண்ணுமே இல்ல" என்று சொன்ன இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். சேறே நகர ஆரம்பிக்கும். சேற்றுத்தாவி மீன்கள் துடுப்பை ஊன்றி நடக்கும். பெரிய சாதி மீன், தனக்கென்று ஒரு குட்டை வைத்துக்கொண்டு, உள்ளே இடிந்து விழும் சேற்றை வாயில் அள்ளி வெளியே கொண்டுவந்து துப்பும். ஒரு வாய், இன்னொரு வாய் என்று ஓயாமல் செய்யும். பக்கத்து மீன் எல்லை தாண்டினால் முதுகுத் துடுப்பை விரித்துச் சண்டைக்கு நிற்கும். சேற்று இறால் கட்டிய மேடுகள் இடுப்பளவு உயரத்துக்கு இருக்கும், கட்டியவரை மட்டும் பார்க்க முடியாது. உடும்பு நடைபாதையின் குறுக்கே போகும். பாலத்தின் கீழே மரக்கட்டை மாதிரி மிதப்பது முதலையாக இருக்கலாம். பாதையை விட்டு இறங்காதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நீர்நாய்க் குடும்பம் கரையேறி மீன் தின்றால் முள் நொறுங்கும் சத்தம் பாலம் வரை கேட்கும்.

ஆனாலும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் காட்ட ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால், கடல் ஏறும் மாலையைத்தான் காட்டச் சொல்வேன். நவம்பர் நடுவில் தொடங்கும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, பறவைகள் நிறைந்திருக்கும் காலத்தோடு அப்படியே பொருந்தி வருகிறது. மழைக்காலம்தான், குடை வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925ஆம் எண் பேருந்து போகிறது, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். வலசைப் பறவைகளுக்கான நடைபாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியில் கூரை போட்ட மறைவிடங்கள் இருக்கின்றன. வயதானவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். மாலை ஏழு மணிக்கு வனப்பகுதியை மூடிவிடுவார்கள் என்பதால் உச்சம் நான்கிலிருந்து ஐந்தரைக்குள் வரும் நாள் பார்த்துப் போவது நல்லது. காலை ஒன்பது, பத்துக்கு உச்சம் வரும் நாளும் நன்றாக இருக்கும்.

நேரம் தெரிந்து போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடல் ஏறிய நேரத்தில் இந்தப் பறவைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வெளியே எல்லாம் தண்ணீர். மஞ்சள் கடல் ஓரம் இவை வழியில் இறங்கும் சேற்றுத் திட்டுகளிலும் பெரும் பகுதியைத் தூர்த்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, உடம்பில் கொழுப்பெல்லாம் கரைந்து வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் நாம் கை தட்டிப் பறக்க விடுவதும், படம் எடுப்பதற்காகக் கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் பெரிய கொடுமை. ஒரு பெரியவர் பிள்ளைக்குக் காட்டுவதற்காகக் கல்லெடுத்து எறிந்ததை நான் பார்த்தேன். முந்நூறு பறவைக்குக் குறையாமல் எழும்பிச் சுற்றிச் சுற்றி வந்தன. மறுபடி இறங்க வெகு நேரம் ஆனது. பிள்ளை சிரித்தது, எனக்கு வயிறு எரிந்தது. பிறகு அருகில் போய்ப் பணிவாகச் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். மறைவிடத்தில் மெதுவாகப் பேசுங்கள். பிஸ்கட், ரொட்டி எதையும் எந்த விலங்குக்கும் போடாதீர்கள்.

சமூக மன்றங்களில் இயங்கும் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கும் இதன் மூலம் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன். கோயில் சுற்றுலாவுக்கும் மலேசியப் பயணத்துக்கும் பேருந்து பிடிக்கிறீர்கள், நானும் வந்திருக்கிறேன். ஒரு முறை கிராஞ்சிக்குப் பிடியுங்கள். புறப்படும் நேரத்தை நல்ல நேரம் பார்த்து வைக்காமல் அட்டவணை பார்த்து வையுங்கள். நாலைந்து தொலைநோக்கி இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல அங்கே அடிக்கடி வரும் தமிழர்கள் சிலர் இருக்கிறார்கள். நாங்கள் விஞ்ஞானம் படித்தவர்கள் இல்லை. ஆனால் எந்தக் குளத்தில் எந்த நேரத்தில் எது இறங்கும் என்று காட்ட முடியும்.

ஆசிரியர் அவர்களே, இடம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் கேட்பது இந்த அளவுதான்: "சுங்கை பூலோ: சனி, பிற்பகல் இத்தனை மணி, இத்தனை மீட்டர். ஞாயிறு, இத்தனை மணி, இத்தனை மீட்டர். இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்லவும்." அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் ஆளை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த வேலையை நானே செய்து தருகிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் அந்த வாரக் கடைசிக்குரிய நேரங்களை எழுதி உங்களுக்கு அனுப்பிவிடுவேன். காஸ்வேயின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வனப்பகுதி அலுவலர்களிடம் கேட்டுச் சரிபார்த்தே அனுப்புவேன். சம்மதம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள். வரும் செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கப்பல் பட்டறை ஓய்வூழியர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்